ஊர் சேனலுக்கு எந்த கேமரா நல்லது?

கேள்வி: 2024 ஏப்ரல் 7

நாங்கள் நான்கு பேர். ஊர் விளையாட்டு, கோயில் திருவிழா, நகராட்சிப் பிரச்சினை எல்லாவற்றையும் காட்டுகிற மாதிரி ஒரு வீடியோ சேனல் தொடங்கலாம் என்று இருக்கிறோம். கையில் ஒரு லட்சம் இருக்கிறது. நல்ல மிரர்லெஸ் கேமரா ஒன்று வாங்கிவிட்டால் போதும், யூடியூபில் போட்டால் ஊரே பார்த்துவிடும் என்று நினைக்கிறோம். எந்த கேமரா வாங்கலாம்? லோக்கல் கேபிளுக்கெல்லாம் இனி வேலை இல்லைதானே அண்ணாச்சி?

ஏப்ரல் 7, இரவு

ஒரு லட்சத்தையும் கேமராவில் போட்டுவிடாதீர்கள் தம்பி. உங்கள் கேள்வியில் கடைசி இரண்டு வரிதான் பெரிய விஷயம். கேமரா சின்ன விஷயம். நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஏப்ரல் 8

கோவில்பட்டியில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவன் நான். பானசோனிக் எம் 9000 தோளில் இருக்கும். ஆயிரம் வாட் லைட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் கூடவே நடப்பான், அவனுக்குப் பின்னால் வயரை இழுத்து விட்டுக்கொண்டு இன்னொருவன். மாப்பிள்ளை நெற்றியில் வியர்வை வழிந்தால் லைட்டைக் கூரைப் பக்கம் திருப்பச் சொல்வோம். அந்த கேமராவுக்காக வீட்டு நகையை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும். கேமரா வைத்திருப்பவன்தான் வீடியோகாரன், மற்றவர்களுக்கு அந்தத் தொழிலுக்குள் நுழைய வழியே இல்லை.

அப்புறம் மினி-டிவி (MiniDV) என்ற சின்ன டிஜிட்டல் டேப் வந்தது. ஒரு மணி நேர டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்ற முழுசாக ஒரு மணி நேரம் ஆகும், 13 ஜிபி இடம் பிடிக்கும். 40 ஜிபி டிஸ்க்கில் மூன்று டேப் ஏற்றினால் நிறைந்துவிடும். ஒரு கல்யாணத்தை எடிட் பண்ணி அழித்தால்தான் அடுத்த கல்யாணத்துக்கு இடம்.

2008-ல் கேனன் 5டி மார்க் 2 வந்தபோது நிலைமை தலைகீழானது. போட்டோ எடுக்கிற கேமராவிலேயே 1080பி வீடியோ. பின்னணி மங்கி முகம் மட்டும் துல்லியமாக நிற்கிற அந்தத் தோற்றம் அதுவரை சினிமாக்காரர்களின் சொத்து. ஒரு ஷாட் 12 நிமிஷத்துக்கு மேல் ஓடாது, ஏனென்றால் 4 ஜிபி-யோடு ஃபைல் நின்றுவிடும். ஹெட்போன் மாட்டி சத்தத்தைச் சரிபார்க்க வழியில்லை. இருந்தும் தமிழில் குறும்படங்கள் அந்த அளவுக்குப் பெருகியதில் இந்த வகை கேமராக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் எல்லாரும் கலைஞர் டிவியின் நாளைய இயக்குநர் நிகழ்ச்சியில் குறும்படம் காட்டி சினிமாவுக்குப் போனவர்கள்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது: கேமரா கைக்கு வந்தது பாதிதான். எடுத்த படத்தை ஒரு டிவி வாராவாரம் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் காட்டியது மறுபாதி. அந்த மறுபாதியை நீங்கள் எப்படிச் செய்யப் போகிறீர்கள்?

ஏப்ரல் 9

"போனிலேயே எடுக்கலாமா, கோர்ஸ் எதுவும் படிக்கணுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். போனில் எடுக்கலாம். ஆனால் வாங்கின நிலையில் அப்படியே எடுக்கக் கூடாது.

முதலில், நொடிக்கு 30 ஃபிரேம் (படம்) என்றிருப்பதை 25-க்கு மாற்றுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட், மலிவு எல்.இ.டி. எல்லாம் நொடிக்கு 100 தடவை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 30 ஃபிரேம், 1/60 நொடி ஷட்டரில் எடுத்தால் மண்டபச் சுவரில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்துகொண்டே இருக்கும். 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் வைத்தால் போய்விடும். போனோடு வருகிற கேமரா ஆப்பில் இந்த வசதி இல்லாவிட்டால் ஷட்டரைக் கையால் மாற்றவிடுகிற வேறு ஆப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, போன் ஒரே வேகத்தில் ஃபிரேம் பிடிக்காது. வெளிச்சம் குறைந்தால் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். அரை மணி நேரப் பேச்சை எடிட்டிங்கில் போட்டால் கடைசியில் வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் போகும். எடிட்டுக்கு முன்னால் ஹேண்ட்பிரேக் (HandBrake) மென்பொருளில் போட்டு, மாறாத ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிடுங்கள். அது இலவச மென்பொருள்தான். எடிட்டிங்குக்கும் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே உங்களுக்கு ஏராளம்.

மூன்றாவது மைக். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் சனம் பொறுத்துக்கொள்ளும். நகராட்சிக் கூட்டத்தில் கவுன்சிலர் பேசுவது கேட்கவில்லை என்றால் அந்த வீடியோவை எதற்காக எடுத்தோம்?

ஏப்ரல் 9, கொஞ்ச நேரம் கழித்து

கோர்ஸ் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். 1984-ல் அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா, தன் உறுப்பினர்களான பெண்களுக்கு வீடியோ பயிற்சி கொடுத்தது. அமெரிக்காவிலிருந்து மார்த்தா ஸ்டூவர்ட் என்பவர் வந்து சொல்லிக் கொடுத்தார். தெருவில் காய்கறி விற்கிறவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எல்லாம் அந்தப் பயிற்சியில் இருந்தார்கள். யூ-மேட்டிக் என்ற பெரிய கேசட் காலம், பெட்டியே பாரமாக இருக்கும். அவர்கள் எடுத்தார்கள். தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம் பஸ்தாபூரில் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியைச் சேர்ந்த தலித் விவசாயப் பெண்களும் அப்படியே தங்கள் விதை, நிலம், பயிர் பற்றிப் படம் எடுத்தார்கள். மேலேயிருந்து கீழே பார்க்கிற கோணம் நிலச்சுவான்தார் பார்வை, கீழேயிருந்து நிமிர்ந்து பார்ப்பது அடிமையின் பார்வை, கண் மட்டத்தில் வைத்தால் அது அவர்களுடைய பெண்கள் சங்கத்தின் பார்வை என்பது அவர்கள் கணக்கு. கண் மட்டத்தில்தான் வைப்பார்கள். நகராட்சி வாசலில் மனுவோடு நிற்கிற அம்மாவை எடுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல பாடம் கோர்ஸில் கிடைக்காது.

ஏப்ரல் 11

இப்போது கேபிள்.

கல்யாண சீசன் இல்லாத மாதங்களில் நான் லோக்கல் சேனலுக்கு எடுத்துக் கொடுத்தேன். எங்கள் ஊர் ஹாக்கி ஊர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பகலில் மேட்ச் எடுப்போம். ராத்திரி எட்டு மணிக்குக் கேபிள் அண்ணாச்சியின் மொட்டை மாடி ரூமுக்கு டேப்பை எடுத்துக்கொண்டு ஓடுவோம். ஒரு மர ரேக், அதில் சேனலுக்கு ஒன்றாக, படத்தைக் கேபிளில் போகிற அலையாக மாற்றுகிற மாடுலேட்டர் பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு டிஷ்ஷிலிருந்து வயர் வரும். ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும் டிஷ் கிடையாது, அதன் வயர் ஒரு வி.சி.ஆருக்குப் போகும். அதுதான் லோக்கல் சேனல். டேப்பைச் சொருகி பட்டனை அமுக்கினால் ஊர் முழுக்கத் தெரியும். உடனே போன் வர ஆரம்பிக்கும். "அண்ணாச்சி, நம்ம தெருவுல படம் புள்ளி புள்ளியா வருது." அந்தத் தெரு ஆம்ப்ளிஃபையருக்குக் கரண்ட் போயிருக்கும், பையன் சைக்கிளில் போவான்.

வி.சி.ஆருக்கும் ஊருக்கும் நடுவில் அனுமதி கேட்க வேண்டிய ஆள் ஒருவர்தான் இருந்தார், அவரும் மாடியில் எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

டிஜிட்டல் வந்ததும் அந்தப் பெட்டி வரிசை போய்விட்டது. சென்னையில் பழைய அனலாக் முறையை நிறுத்தக் கெடு 2012 அக்டோபர் 31. எங்கள் பக்கம் 2017-க்கு அப்புறம்தான் உண்மையில் மாறியது. அந்த ஆண்டுதான் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்து வீட்டு வீட்டுக்கு செட்டாப் பாக்ஸ் கொடுத்தார்கள். இப்போது எல்லா சேனலையும் ஓர் இடத்தில் சுருக்கி, ஒன்றாகக் கட்டி, பூட்டுப் போட்டு ஃபைபரில் அனுப்புகிறார்கள். அந்த இடம் வேறு ஊரில் இருக்கிறது. உள்ளூர்க்காரர் கையில் வருவது கட்டிய மூட்டை. அதற்குள் எங்கள் ஹாக்கியைச் சொருக வேண்டும் என்றால் அப்படிக் கட்டி அனுப்புகிற பெரிய கேபிள் நிறுவனம், அதாவது எம்.எஸ்.ஓ., இடம் ஒதுக்க வேண்டும், படத்தைச் சுருக்கிக் கொடுக்கிற என்கோடர் வேண்டும், மாத வாடகை வேண்டும். ஒரு நிறுவனத்திடம் நாங்கள் நடையாய் நடந்தோம். கடைசியில் அவர்கள் சொன்ன மாத வாடகை, எங்களுக்கு ஊர் ஜவுளிக்கடையும் மிட்டாய்க்கடையும் தருகிற ஸ்க்ரோலிங் விளம்பரக் காசு மொத்தத்தையும் விழுங்கிவிடும். சேனல் நின்றது.

படத்தின் தரம் டிஜிட்டலில் கூடியது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஊர்க்காரன் கையிலிருந்து பட்டன் போனது அப்போதுதான்.

ஏப்ரல் 12

"லோக்கல் கேபிளில் திருட்டு வி.சி.டி.தானே போட்டார்கள், அதற்கு ஏன் அழ வேண்டும்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போட்டார்கள். புதுப்படம் வந்த வாரமே போட்டவர்களும் உண்டு, அது தப்புதான். எங்கள் அண்ணாச்சி ராத்திரி பத்து மணிக்கு மேல் பழைய படம் போடுவார். ஆனால் அதே சேனலில்தான் பத்தாம் வகுப்பில் முதலிடம் வந்த தீப்பெட்டித் தொழிலாளியின் மகள் பேசினாள். குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று தெருத்தெருவாகப் போய்க் கேட்டதும் அதில்தான். திருட்டை நிறுத்த வழி இருந்தது. இரண்டையும் சேர்த்து மூடியிருக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 15

பட்டன் யார் கையில் என்று 11-ம் தேதி எழுதினேன். அது நம்மோடு முடிகிற கதை இல்லை.

குஜராத்தில் கேடா மாவட்டம். அங்கே பிஜ் என்ற கிராமத்தில் 1975-ல் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் வைத்தார்கள், ஒரு கிலோவாட். அதே ஆண்டு இஸ்ரோ செயற்கைக்கோள் மூலம் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டிவி காட்டிப் பார்த்தது, அது ஒரு வருஷச் சோதனை. கேடாவில் நடந்தது வேறு மாதிரி. ஒரு மாவட்டத்துக்காகவே நிகழ்ச்சி. அகமதாபாத்தில் இருந்த இஸ்ரோ ஆட்கள் கிராமங்களுக்குப் போய் அந்த மக்களையே நடிக்க வைத்து, அவர்கள் பேசுகிற பேச்சிலேயே எடுத்தார்கள். கூலி, தீண்டாமை, பால் சொசைட்டி, குடும்பச் சண்டை எல்லாம் வந்தது. பொது இடத்தில் டிவி வைத்து ஊரே கூடிப் பார்த்தது. பத்து வருஷம் நடந்தது.

1985-ல் டிரான்ஸ்மிட்டரைக் கழற்றினார்கள். எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? சென்னைக்கு. சென்னை தூர்தர்ஷனின் இரண்டாவது சேனலுக்காக. கேடா மக்கள் எதிர்த்துப் போராடினார்கள், பலிக்கவில்லை. நான் இதை முதன்முதலில் படித்தபோது மனசு கனத்துவிட்டது. சென்னை வீடுகளுக்கு இன்னொரு சேனல் கிடைப்பதற்காக ஒரு மாவட்டம் தன் டிவியை இழந்தது. எடுக்கத் தெரியாமல் அது நிற்கவில்லை, பார்க்க ஆளில்லாமலும் நிற்கவில்லை. டிரான்ஸ்மிட்டர் அவர்களுடையதாக இல்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 19

ஓட்டுப் போட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். பிரச்சாரத்தின்போது எங்கள் வார்டில் வேட்பாளர் பேச்சை நான்கு பையன்கள் போனில் லைவ் போட்டார்கள். நான்கும் ஒரே கோணம், மேடையை நேராகப் பார்த்து. கூட்டத்தில் கேள்வி கேட்ட பெண்ணை ஒருவரும் எடுக்கவில்லை. சேனல் தொடங்கப் போகிற நீங்கள் அந்தப் பக்கம் திரும்புங்கள்.

ஏப்ரல் 21

யூடியூப்பைப் பற்றி நான் இதுவரை வாய் திறக்கவில்லை என்று கோபப்படுகிறீர்கள். சரி.

யூடியூப் நமக்குச் செய்தது பெரிய உபகாரம். 2017-ல் திவ்யபாரதி மலக்குழித் தொழிலாளர்களைப் பற்றி எடுத்த கக்கூஸ் ஆவணப்படத்தைத் திரையிட விடாமல் பல இடங்களில் தடுத்தார்கள். அதை இணையத்தில் போட்டார், லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்காட்டில் சமைத்ததை 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்கள் பார்த்தார்கள். 2016-ல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்திருக்காவிட்டால் இதெல்லாம் கனவு.

ஆனால் உங்கள் தேவை வேறு. சமையல் சேனலை உலகம் பார்க்கிறது, பார்க்கட்டும். உங்கள் ஊர்க் குடிதண்ணீர் பைப்லைன் உடைந்த செய்தியைத் துபாயில் இருப்பவர் பார்த்து என்ன ஆகப் போகிறது? அடுத்த தெருக்காரர் பார்க்க வேண்டும். யூடியூப் ஒருவருக்கு எதைக் காட்டுவது என்பதை அவர் முன்னால் எதைப் பார்த்தார் என்பதை வைத்தே பெரும்பாலும் முடிவு செய்கிறது. அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்பதற்கு அதில் பெரிய இடமில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சினிமா கிசுகிசு வரும், உங்கள் பைப்லைன் வராது.

விளம்பரக் காசுக்கு 1,000 சந்தாதாரர், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை வேண்டும் என்று 2018-ல் விதி போட்டார்கள். ஒரு சின்ன ஊர்ச் செய்தி சேனல் அதை எட்டலாம். எட்டினாலும் வருகிற தொகையை நம்பி ஆள் வைக்க முடியாது. ஊர்க் கடை விளம்பரத்தை நேராகப் பிடியுங்கள்.

இன்னொன்று, கோயில் திருவிழா லைவ். தேர் இழுக்கும்போது பக்கத்து டீக்கடை ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடும். உரிமையுள்ள பாட்டைத் தானாக அடையாளம் காண்கிற யூடியூப்பின் கன்டென்ட் ஐடி அதைப் பிடித்துவிடும். லைவை இடையில் மறைத்து ஒரு நிலைப்படத்தைக் காட்டலாம், அப்படியே நிறுத்தவும் செய்யலாம். காப்பிரைட் ஸ்ட்ரைக், அதாவது உரிமை மீறல் எச்சரிக்கை, 90 நாளுக்குள் மூன்று வாங்கினால் சேனலே போய்விடும், அதிலுள்ள பழைய வீடியோக்களும் சேர்ந்து போகும். தேர் நிலைக்கு வருகிற நேரத்தில் லைவ் அறுந்தால் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் உங்களுக்குத்தான் போன் போடுவார்கள். மைக்கைத் தவில், நாகஸ்வரம் பக்கத்திலேயே கொண்டுபோய் வையுங்கள். ஸ்பீக்கர் சத்தம் அமுங்கும்.

ஏப்ரல் 22

நேற்று எழுதியதில் ஒரு சேர்க்கை. தெருவுக்குள் போய்ச் சேர இன்றைக்கு இருக்கிற நல்ல வழி வாட்ஸ்அப் குழுதான். வார்டுக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, சங்கக் குழு எல்லாவற்றிலும் ஊர்க்காரன்தான் இருக்கிறான். அங்கே வீடியோவுக்கு வெகுகாலம் 16 எம்பி வரம்பு இருந்தது. நான் இன்னும் அதை மனதில் வைத்துத்தான் ஃபைல் தயார் பண்ணுகிறேன், பழைய போன்காரர்களும் பார்க்க வேண்டுமே. மூன்று நிமிஷம், 480பி, மொத்தமாக நொடிக்கு 700 கிலோபிட்டுக்குள் வைத்தால் 16 எம்பி-க்குள் அடங்கும். எழுத்துப் போட்டால் பெரிதாகப் போடுங்கள், 480பி-யில் சின்ன எழுத்து கரைந்துவிடும்.

2018-லிருந்து இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு பண்ண முடியாது. வதந்தியால் ஆட்களை அடித்துக் கொன்ற பிறகு வந்த கட்டுப்பாடு அது, சரியானதுதான். நீங்கள் ஒவ்வொரு குழுவிலும் ஓர் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய காலத்தில் பேப்பர் போடுகிற பையன் செய்த வேலை அது.

ஏப்ரல் 28

ஹாக்கி லைவ் எப்படிச் செய்கிறோம் என்று கேட்டவருக்கு.

மைதானம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். நடுக்கோட்டுக்கு நேரே, உயரமான இடத்தில் ஒரு கேமரா. இங்கே 25 ஃபிரேம் போதாது, 50 வேண்டும். 25-ல் பந்து கோடு மாதிரி இழுபடும், கோல் முன்னால் இருக்கிற டி வட்டத்துக்குள் யார் அடித்தார்கள் என்றே தெரியாது. ஒவ்வொரு கோல் பின்னாலும் ஒரு போன். மூன்றையும், எந்தக் கேமராவைக் காட்டுவது என்று மாற்றுகிற ஒரு சின்ன ஸ்விட்சருக்குக் கொண்டுவருகிறோம். பிளாக்மேஜிக் ஆட்டெம் மினி என்ற ஸ்விட்சர் 2019-ல் 295 டாலருக்கு வந்தது. அதற்கு முன்னால் இந்த வேலைக்கு லட்சங்களில் பெட்டி வேண்டும், அல்லது டிவிக்காரர்களின் நேரடி ஒளிபரப்பு (ஓ.பி.) வேன் வேண்டும். அதிலிருந்து லேப்டாப், லேப்டாப்பில் லைவ் அனுப்புகிற ஓபிஎஸ் மென்பொருள். ஸ்கோரையும் கால்பகுதிக் கடிகாரத்தையும் அதிலேயே போட்டுவிடலாம். ஓபிஎஸ்-சுக்குக் காசே கிடையாது.

சிக்கல் நெட்தான். காலையில் சோதித்தால் சிம் டேட்டா பறக்கும். ஃபைனல் அன்றைக்குக் கேலரி நிறைந்ததும் அத்தனை பேரும் அதே டவரில் தொங்குவார்கள், அப்லோடு படுத்துவிடும். அதனால் மைதானத்தை ஒட்டிய டீக்கடையின் ஃபைபர் இணைப்பிலிருந்து வயர் இழுத்தோம். கடைக்காரருக்கு ஸ்கோர்போர்டு ஓரத்தில் இலவச விளம்பரம். 720பி, நொடிக்கு 2.5 மெகாபிட் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி-க்குக் கொஞ்சம் மேல் போகும். 1080-க்கு ஆசைப்பட்டு அடிக்கடி நின்று சுற்றுவதைவிட, நிற்காமல் ஓடுகிற 720 நல்லது.

மே வெயிலில் போன் சூடேறி அணைந்துவிடும். உறையைக் கழற்றி, மேலே குடை கட்டுங்கள். ஈரத்துணி வைக்காதீர்கள்.

யூடியூப் லைவை முதல்முறை இயக்கினால் அனுமதி வர 24 மணி நேரம் வரை ஆகும். மேட்ச் அன்று காலையில் போய் அமுக்காதீர்கள்.

மே 3

பியர்டியூப் என்ற வீடியோ மென்பொருள் பற்றி யாரோ கேட்டிருந்தார்கள். பிரான்சில் ஃபிரமாசாஃப்ட் என்ற அமைப்பு உருவாக்கியது, 2018 அக்டோபரில் முதல் நிலையான பதிப்பு வந்தது. சொந்த சர்வரில் நீங்களே சிறு யூடியூப் நடத்தலாம். ஒரே வீடியோவைப் பலர் பார்க்கும்போது பார்வையாளர்களின் பிரவுசர்களே துண்டுகளை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும், சர்வர் சுமை குறையும். 2021-ல் லைவும் சேர்ந்தது. யூடியூப் உங்கள் சேனலை மூடிவிடுமோ என்ற பயம் இல்லை.

ஆனால் ஊர்க்காரர் யாரும் அங்கே தானாக வரமாட்டார். சர்வரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், மாதச் செலவு வேண்டும். முதல் வருஷம் வேண்டாம். உங்களில் ஒருவருக்கு லினக்ஸ் தெரிந்தால் இரண்டாம் வருஷம் யோசியுங்கள்.

மே 9

இன்று என் பழைய டேப் பெட்டியைத் திறந்தேன். வி.எச்.எஸ். கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் ரீல் ஓரத்தில் வெள்ளைப் பொடி மாதிரி படர்ந்திருக்கிறது. பூஞ்சை. அதை அப்படியே பிளேயரில் போட்டால் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடுகிற டேப்புக்கும் பரவும். சுத்தம் பண்ணித் தருகிறவர்கள் இன்னும் மதுரையில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், விசாரிக்க வேண்டும். புல்தரையில் ஆடிய மேட்ச்கள், செயற்கைத் தரை வருவதற்கு முன்னால் இருந்த மைதானம், இப்போது உயிரோடு இல்லாத கோச்சுகள், எல்லாம் இதில் இருக்கிறது. வேறெங்கும் இல்லை.

உங்களுக்கு இதை எழுதக் காரணம்: யூடியூப்பில் ஏற்றிவிட்டால் பத்திரம் என்று ஒரிஜினலை அழித்துவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். யூடியூப்பில் இருப்பது நசுக்கிய நகல். ஒரிஜினல் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில் இருக்கட்டும். ஃபைல் பெயரில் தேதி, இடம், யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். யாருக்கும் உரிமைச் சிக்கல் இல்லாதவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்திலும் ஏற்றுங்கள், அங்கே இலவசம்.

மே 14

"இனி போனிலேயே நெட் இல்லாமல் டிவி வருமாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். டைரக்ட் டு மொபைல். சிம், டேட்டா எதுவும் இல்லாமல் டவரிலிருந்து வரும் ஒளிபரப்பைப் போன் நேராகப் பிடிக்கும். ஐஐடி கான்பூரும் சாங்கியா லேப்ஸும் வேலை செய்திருக்கின்றன. பெங்களூரு, டெல்லி, நொய்டாவில் சோதனை நடந்தது. 19 நகரங்களில் சோதிக்கப்போவதாக 2024 ஜனவரியில் சொன்னார்கள். பிடிக்கிற சிப் போனுக்குள் இருக்க வேண்டும், 2024-ல் கடையில் விற்ற போன்களில் அது இல்லை.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது கேடா மாதிரிதான்: ஒரு டவர், சுற்றியுள்ள ஊர்கள், எத்தனை பேர் பார்த்தாலும் ஒரே செலவு. ஃபைனல் அன்று டவரில் தொங்குகிற பிரச்சினையே இல்லை. ஆனால் அந்த அலைவரிசையில் மாவட்டத்துக்கு ஒரு சேனலாவது ஊர் மக்களுக்கு என்று ஒதுக்குவார்களா? வானொலிக்கு அப்படி ஒரு கதவு இருக்கிறது. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். வந்தது, 2006-ல் தொண்டு அமைப்புகளுக்கும் சமுதாய வானொலி உரிமம் திறந்தார்கள். அதிலும் சொந்தமாகச் செய்தி சொல்ல விடவில்லை. வீடியோவுக்கு அந்த அளவு கூடக் கிடையாது. இப்போதே கேட்டால்தான் உண்டு. எல்லாம் ஒதுக்கி முடித்த பிறகு மனு கொடுத்துப் பயனில்லை.

மே 20

உங்கள் முதல் கேள்வியின் கடைசி வரிக்கு இப்போது பதில்: கேபிளுக்கு இன்னும் வேலை இருக்கிறது. எங்கள் தெருவில் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கிற பலருக்கு ரிமோட்தான் பழக்கம். ஊர் முடிவெடுப்பவர்களும் அவர்கள்தான்.

2022 நவம்பர் 30-ல் ஒன்றிய அரசு எம்.எஸ்.ஓ.க்களின் லோக்கல் சேனல்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது. ஒரு சேனலுக்குப் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய், ஒரே தடவை. மொத்த சேனல்களில் 5 சதவீதம் வரை இப்படி நடத்தலாம், அது போக மாவட்ட அளவில் இரண்டு லோக்கல் சேனலுக்கு இடம் உண்டு. உள்ளூர்ச் செய்தி போட வேண்டும் என்றால் அந்த எம்.எஸ்.ஓ. கம்பெனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். ஓடிய நிகழ்ச்சிகளின் பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும். இந்த விதி எம்.எஸ்.ஓ.வுக்கானது, உங்களுக்கு நேராக உரிமை தரவில்லை. ஆனால் பேசப் போகும்போது கையில் ஒரு பிடி இருக்கிறது. நாங்கள் நடந்த காலத்தில் இது இல்லை.

முழு சேனல் கேட்காதீர்கள். ஏற்கெனவே ஓடுகிற லோக்கல் சேனலில் தினமும் அரை மணி நேரம், இரவு எட்டுக்கு, மறுநாள் காலை மறு ஒளிபரப்பு. அவர்களுக்கும் நிரப்ப நிகழ்ச்சி வேண்டும். எட்டரைக்கு அதே நிகழ்ச்சி யூடியூபில், அதிலிருந்து வெட்டிய மூன்று நிமிஷத் துண்டுகள் வார்டுக் குழுக்களில். மாதம் ஒருமுறை தெருவில் திரை கட்டிக் காட்டுங்கள். மதுரையில் 1998-லிருந்து ஆவணப்பட விழா நடத்துகிற மறுபக்கம் அமைப்பு, பெரிய தியேட்டர் இல்லாமலே படத்தை மக்களிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறது. பார்த்தவர் எழுந்து நின்று கேள்வி கேட்பது அங்கேதான் நடக்கும்.

மே 21

பட்ஜெட்டைப் பிரித்துத் தரச் சொன்னீர்கள். ஆளுக்கு ஒரு போன் இருக்கிறது என்று சொன்னதால், எடுக்கிற கருவிக்கு 35,000-க்கு மேல் வேண்டாம்: இரண்டு வயர்லெஸ் மைக், ஒரு கனமான டிரைபாட், இரண்டு எல்.இ.டி. லைட், முடிந்தால் செகண்ட்ஹேண்டில் ஜூம் உள்ள ஹேண்டிகேம். ஸ்விட்சருக்கு 25,000. இரண்டு ஹார்ட் டிஸ்க், 12,000. மீதி 28,000-ஐத் தொடாமல் வையுங்கள், நிறுவனப் பதிவு, ஃபைபர், முதல் சில மாத வண்டிச் செலவு அதில்தான் நடக்க வேண்டும். விலை கடைக்குக் கடை மாறும், சென்னை ரிச்சி தெருவிலும் கேட்டுப் பாருங்கள்.

எம்.எஸ்.ஓ. அல்லது கேபிள்காரரிடம் எழுதி வாங்க வேண்டியவை: நேரம் எட்டு மணி என்று எழுத்தில். உங்கள் விளம்பரக் காசு உங்களுக்கு. நிகழ்ச்சியின் உரிமை உங்களுடையது, யூடியூபில் போட அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நிறுத்துவதானால் குறைந்தது மூன்று மாதம் முன்னறிவிப்பு. சேனல் எண்ணை மாற்றினால் முன்கூட்டிச் சொல்லி, பழைய எண்ணில் ஒரு வாரம் ஸ்க்ரோலிங் ஓட்ட வேண்டும். கடைசி விஷயத்தில் விடாதீர்கள், எண் மாறினால் சனம் தேடாது.